வெள்ளைச் சேலைகள்

அத்தியாயம் 14

சனிக்கிழமை விடிந்தபோது மழை நின்றிருந்தது.

சென்னைக் கரையோரத்தில் ஏறிய புயல் இவ்வளவு தூரம் வந்து கைவரிசையைக் காட்டும் என்று பெங்களூரில் யாரும் நினைத்திருக்கவில்லை. புதன்கிழமை இரவு ஏரிக்கரை உடைந்தது. காளவாய்மேட்டுக் குடிசைகள் இருந்த இடத்தில் இப்போது சேறு மட்டுமே இருந்தது. தப்பி வந்தவர்கள் எல்லாரும் கன்டோன்மென்ட் தமிழ்ச் சபையின் ஆலயத்துக்குள் இருந்தார்கள். பெஞ்சுகளைத் தூக்கி வெளியே வேப்பமரத்தடியில் போட்டாயிற்று. பீடத்துப் படி வரைக்கும் பாய் விரித்திருந்தார்கள்.

போதகர் தியோடரைச் சபையில் எல்லாரும் ஐயர் என்பார்கள். அவர் மனைவி ஞானசுந்தரி ஐயரம்மா. ஆட்கள் வந்து சேர்ந்த முதல் நாளே ஐயர் ஒன்று சொல்லிவிட்டார். கஞ்சி வரிசையில் யாரும் பிரசங்கம் செய்யக்கூடாது.

"பசிச்சு நிக்கறவன்கிட்ட வேதம் சொன்னா அவன் தலையாட்டத்தான் செய்வான். அந்தத் தலையாட்டல் எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மகன் சாமுவேலோடு ஏரிக்கரைக்குப் போனார். அன்றிலிருந்து தினமும் போகிறார். சேற்றைக் கிளறி, காணாமல் போனவர்களைத் தேடுகிற வேலை. உயிரோடு இருப்பவர்களுக்கு ஞானசுந்தரி, இல்லாதவர்களுக்கு ஐயர் என்று அந்த வீட்டில் பேசாமலே பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டுக்குச் சித்திரை மாதத்தில் மருமகளாக வந்தவள் யசோதா. இந்துக் குடும்பத்துப் பெண். சாமுவேலை மணப்பதற்காக அவள் ஞானஸ்நானம் பெற்ற அன்று அவள் பிறந்த வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். புயலுக்குப் பிறகும் அங்கிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஞானசுந்தரி கொடுமைக்கார மாமியார் அல்ல. மருமகளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் யசோதா எதையாவது சொல்ல வாயெடுத்தால், "அதெல்லாம் அந்த வீட்டுப் பழக்கம்மா, அங்கேயே இருக்கட்டும்," என்பாள். மெதுவாகத்தான் சொல்வாள். மெதுவாகச் சொன்னதாலேயே அதற்குப் பதில் சொல்ல முடியாமல் போய்விடும்.

முந்தின நாள் மாலையும் அப்படித்தான் ஆயிற்று.

உடுத்திய துணியோடு வந்தவர்களுக்கு மாற்றுச் சேலை வேண்டியிருந்தது. மாதர் சங்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு ஞானசுந்தரி சொன்னாள்: "கிழிசலைக் கொண்டு வராதீங்க. ஆண்டவர் சந்நிதிக்கு எதைக் கட்டிட்டு வருவீங்களோ அதைக் கொண்டு வாங்க."

அவர்கள் அதை அப்படியே செய்தார்கள். திருவிருந்து ஞாயிறுகளுக்கென்று நீலம் முக்கிக் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலைகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. சிலரிடம் அந்த ஒன்றுதான் இருந்தது. ஞானசுந்தரி தன்னுடைய எல்லாவற்றையும் வைத்துவிட்டாள்.

யசோதா அந்த அடுக்கைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். அவ்வளவு நல்ல மனது ஓரிடத்தில் சேர்ந்திருப்பதை அவள் அதற்கு முன் கண்டதில்லை. சொல்ல வாயெடுத்தாள். மாமியாரின் முகத்தில், அத்தனை களைப்புக்கு நடுவே இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

*

ஆலயத்தின் வடக்குத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் வள்ளியம்மா. அவள் புருஷன் பச்சைமுத்து சுண்ணாம்புக் காளவாயில் கூலி. வெள்ளம் வந்த இரவில் அவளை மேட்டில் ஏற்றிவிட்டு, ஆட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினான். மறுநாள் ஆடு நீந்தி வந்து சேர்ந்தது. அவன் வரவில்லை.

அடுத்த பாயிலிருந்த சரசு அவளை விடுவதாக இல்லை.

"ஆட்டுக்கே வழி தெரிஞ்சிருக்குது. உன் ஆளுக்குத் தெரியாமப் பூடுமா? எங்கனா மேட்டுல குந்திக்கினு பீடி பத்த வச்சிக்கினு இருக்கும். நீ கஞ்சியக் குடிடீ."

"பீடி நனைஞ்சிருக்கும்," என்றாள் வள்ளியம்மா.

அவள் பேசியே ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. சரசு அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு கஞ்சிக் குவளையை அவள் பக்கம் தள்ளினாள். வள்ளியம்மா தொடவில்லை.

அப்போதுதான் ஞானசுந்தரி கையில் சேலைகளோடு வந்தாள். தூக்கமில்லாமல் அவள் குரல் கம்மியிருந்தது. அடுக்கில் மேலே இருந்தது அவளுடைய சொந்தச் சேலை. அதை இரண்டு கைகளாலும் ஏந்தி, குனிந்து, வள்ளியம்மாவின் மடியில் வைத்தாள். அந்தப் பெண்ணின் ரவிக்கை தோளில் கிழிந்திருப்பதைப் பார்த்ததும் கண் கலங்கிற்று.

"மனசைத் தேத்திக்கம்மா. ஆண்டவர் உன்னைக் கைவிட மாட்டார்."

வள்ளியம்மா மடியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஐயரம்மாவின் ஈரக் கண்களைப் பார்த்தாள்.

"ஐயரு சொன்னாரா?"

"அவர்தாம்மா. உனக்குத்தான் முதல்ல குடுக்கணும்னு காலையில சொல்லிட்டுப் போனார்."

ஐயர் தினமும் எங்கே போகிறார், எதைத் தேடுகிறார் என்று அந்த ஆலயத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

சரசுவின் வாய் நின்றது. அவளைப் பார்த்து அடுத்தவள் நிறுத்தினாள். அந்த அமைதி பாய் பாயாகப் பரவி வாசல் வரைக்கும் போயிற்று. ஞானசுந்தரிக்கு அது என்ன அமைதி என்று விளங்கவில்லை. நன்றி சொல்லத் தெரியாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

வள்ளியம்மா அழவில்லை. இரண்டு கைகளையும் தூணின் கல்லில் ஒருமுறை மோதினாள். கண்ணாடி வளையல்கள் சேலையின் மேல் உதிர்ந்தன. வெள்ளையில் பச்சைச் சில்லுகள். அதன் பிறகு சரசு மார்பில் அடித்துக்கொண்டு ஓங்கிக் குரல் எடுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வள்ளியம்மாவின் விரல்கள் கழுத்துக்குப் போய் மஞ்சள் கயிற்றைத் தேடின.

வெளியே அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த யசோதா அகப்பையோடு ஓடி வந்தாள். அகப்பையைப் போட்டுவிட்டு அந்த விரல்களைப் பிடித்தாள்.

"யாரும் போய்ட்டார்னு சொல்லலக்கா. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஐயர் மாமாவுக்கும் தெரியாது."

"அப்ப இது இன்னாத்துக்கு?"

"இது இவங்க கோயிலுக்குக் கட்டற சேலை. நல்ல நாளுக்குக் கட்டறது. இவங்களுக்குக் கல்யாணத்துக்கே வெள்ளைதான்."

வள்ளியம்மா நம்பவில்லை. ஆறுதலுக்காகச் சொல்கிற பொய்யை அவள் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறாள். அவள் யசோதாவின் முகத்தையே பார்த்தாள்.

"உனக்கு வூட்டுக்காரரு கீறாரா?"

"இருக்கார்க்கா. ஏரிக்கரையிலதான் இருக்கார்."

"அப்ப நெத்தி ஏன் இப்டி வெறிச்சினு கீது?"

யசோதா தன் நெற்றியைத் தொடவில்லை. குனிந்து, உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

பக்கத்தில் நின்ற ஞானசுந்தரி அதைக் கேட்டாள். அந்த நெற்றியைச் சித்திரையிலிருந்து தினமும் பார்த்து வருகிறாள். அங்கே ஏதோ ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கையிலிருந்த சேலைகளின் பாரம் இப்போதுதான் தெரிந்தது. அவற்றை அவள் கீழே வைக்கக்கூட இல்லை.

வள்ளியம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஐயரம்மா. நீங்க தெரிஞ்சி குடுத்தீங்களா, தெரியாம குடுத்தீங்களா?"

"தெரியாமம்மா." என்றாள் ஞானசுந்தரி. "தெரியாமத்தான் குடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடு."

"அப்ப அந்த ஆளு இருக்குது."

வழக்கைத் தீர்த்து வைப்பதுபோல அதைச் சொன்னாள். கயிற்றை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். குவளையை எடுத்து, ஆறிப்போன கஞ்சியை நிறுத்தாமல் குடித்தாள்.

அப்படி அர்த்தமில்லையம்மா என்று சொல்ல ஞானசுந்தரிக்கு நா எழவில்லை.

சரசு மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "இத்த மின்னாடியே கேட்டுத் தொலைச்சிருந்தா வளையலாச்சும் மிஞ்சியிருக்கும். எனக்கும் தொண்டை மிச்சம்." தன் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி வள்ளியம்மாவுக்கு மாட்டினாள். "திருப்பிக் குடுத்துடணும், ஆமா. ஏரித் தண்ணியில அடிச்சிக்கினு போறப்பக்கூட இத்த நான் உடல." பிறகு பாய் பாயாகப் போய் ஒவ்வொருத்தியிடமும் ஒரு வளையல் கேட்டாள்.

*

ஆலயத்தின் பின்பக்கத்து அறையில் மாமியாரும் மருமகளும் நின்றார்கள். மேசைமேல் சேலைகள். வெளியே ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"நேத்து சாயந்தரமே உனக்குத் தெரியும்," என்றாள் ஞானசுந்தரி.

"தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா அத்தை?"

ஞானசுந்தரி இல்லாததைச் சொல்லிப் பழகியவள் அல்ல. சேலைகளின் மடிப்பைக் கையால் நீவினாள். ஒவ்வொன்றும் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பத்துப்பாத்திரம் தேய்ப்பவள் கொடுத்தது, ஆயா வேலைக்குப் போகிறவள் கொடுத்தது. கொடுத்தபோது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பதும் தெரியும்.

"கேட்டிருக்க மாட்டேன்," என்றாள். "இப்பக் கேக்கறேன். சொல்லு. இதையெல்லாம் என்ன செய்யலாம்?"

"முக்கலாம் அத்தை. மஞ்சள்ல."

கடைத்தெருவிலிருந்து மஞ்சள் கிழங்கு வந்தது. காளவாய்மேட்டுப் பெண்களே இடித்தார்கள். கஞ்சியும் நீலமும் போகச் சேலைகளை முதலில் அலசினார்கள்; இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும் என்றாள் சரசு. கஞ்சி அண்டாவைக் கழுவி, தண்ணீர் கொதிக்க வைத்து, சாயம் நிற்பதற்குப் படிகாரம் போட்டார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஆயா வேலைக்குப் போகிறவள் அண்டாவுக்குள் தன் சேலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அடுத்ததைத் தானே எடுத்து முக்கினாள்.

சபைக் கமிட்டிச் செயலாளர் ராஜமணி வந்தபோது பெஞ்சுகளின் முதுகெல்லாம் மஞ்சளாக இருந்தது. எங்கே பார்த்தாலும் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"இதென்ன கோயிலா, மாரியம்மன் திருவிழாவா?" என்றார். "நாளைக்குத் திருவிருந்து ஞாயிறு. ஞாபகம் இருக்கா ஐயரம்மா? நம்ம பொம்பளைங்க எதைக் கட்டிட்டு வருவாங்க?"

ஞானசுந்தரி கழியால் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். பதில் வாசல் பக்கமிருந்து வந்தது.

"இருக்கறதைக் கட்டிட்டு வரட்டும்." ஐயர் இடுப்புவரை சேற்றோடு நின்றிருந்தார். வழக்கமாகச் சாயந்தரம் வருகிறவர், மத்தியானமே வந்திருந்தார். "ஏன் ராஜமணி, உம்ம வீட்டு மீன் குழம்புல மஞ்சள் போடறதில்லையா?"

"அது வயித்துக்கு ஐயரே."

"இது மானத்துக்கு."

ராஜமணி முணுமுணுத்துக்கொண்டே போனார். இதை நாளைக்கு எல்லார் முன்னாலும் கேட்காமல் விடப்போவதில்லை என்று வாசலில் ஒருவரிடம் சொன்னதும் கேட்டது. ஐயர் அதைக் காதில் வாங்கவில்லை. மனைவியைத் தனியே கூப்பிட்டார். நடந்ததை அவள் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"அவ கேட்டது, நீ சொன்னது எல்லாம் சரி," என்றார் கடைசியில். "ஆனா இப்ப ஒண்ணு இருக்கு. விடியக்காலையில மதகுகிட்ட ஒரு ஆம்பளையோட உடம்பு கிடைச்சிருக்கு. முகம் தெரியல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. காணாம போனவங்க வீட்டு ஆளுங்களை வந்து பார்க்கச் சொல்றாங்க."

ஞானசுந்தரி திரும்பிப் பார்த்தாள். வள்ளியம்மா வேப்பமரத்தடியில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைகளில் ஒன்றோடொன்று சேராத நிறங்களில் வளையல்கள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

"நீயா? நான் போறேனே."

"நான்தான் போகணும். சேலை காயட்டும். மஞ்சளைக் கட்டிட்டு வரட்டும் அவ."

*

ஞானசுந்தரி, யசோதா, வள்ளியம்மா மூன்று பேரும் ஜட்கா வண்டியில் போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் வள்ளியம்மா அரைகுறையாகக் காய்ந்த மஞ்சள் சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் தனியாக ஒரு சிறு கட்டடம். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆள் மூவரையும் பார்த்தான். "ஒப்ரு மாத்ர," என்றான். ஒருவர்தான் உள்ளே போகலாம்.

வள்ளியம்மா படி வரைக்கும் போனாள். அதற்கு மேல் கால் நகரவில்லை.

"நீங்க பாருங்க ஐயரம்மா."

"எனக்கு அவரைத் தெரியாதேம்மா. ஒருநாளும் பார்த்ததில்லையே."

"வலது கையில உள்பக்கம் எம்பேரு பச்ச குத்தியிருக்குது. திருவிழால குத்திக்கினு வந்திச்சி. எனக்கும் படிக்கத் தெரியாது, அதுக்கும் தெரியாது. பேரு நம்ம ரெண்டு பேருக்கும் புரியாமலே கையில கீதுன்னு சிரிக்கும். நீங்க படிச்சிடுவீங்க." ஒரு கணம் நிறுத்தினாள். "நீங்க சொன்னா நான் நம்பறேன்."

காலையில் தான் அறியாமல் கொண்டுபோன செய்தியை எண்ணினாள் ஞானசுந்தரி. இப்போது அறிந்து கொண்டுவர வேண்டியிருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

யசோதாவும் வள்ளியம்மாவும் படியருகே நின்றார்கள். சேலையின் கீழ்க்கரை இன்னும் ஈரம். அதிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு வள்ளியம்மாவின் பாதத்தில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. யசோதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எதைச் சொன்னாலும் இப்போது அது பொய்யாகிவிடும் என்று பட்டது.

ஞானசுந்தரி வெளியே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள்.

"இல்லைம்மா. அது பச்சைமுத்து இல்லை."

"கையைப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். பேர் இருந்தது. உன் பேர் இல்லை."

வள்ளியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். புதன்கிழமையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. சத்தமில்லாமல், முதுகு குலுங்க அழுதாள். ஞானசுந்தரி அவள் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தாள். ஜெபம் சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் அவள் முதுகில் கையை வைத்தாள்.

வெயில் கட்டடத்துக்குப் பின்னால் போயிற்று. வள்ளியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னா பேரு போட்டிருந்திச்சி?"

"கன்னியம்மான்னு."

"எங்க மேட்டுல கன்னியம்மா யாரும் இல்ல." அவள் யோசித்தாள். கட்டடத்தின் மூடிய கதவைப் பார்த்தாள். "எங்கியோ பொட்டும் பூவுமா உக்காந்துக்கினு இருப்பா. இந்த ஆளு வரும்னு சொல்லிக்கினு. அவளுக்கு யாரு சொல்வாங்க?"

முக்காலிக்காரன் வேறு பக்கம் பார்த்தான். அது அவன் வேலை இல்லை. ஆஸ்பத்திரியின் வேலையும் இல்லை. யாராவது வந்து கேட்டால் காட்டுவார்கள். வராவிட்டால் இரண்டு நாளில் புதைத்துவிடுவார்கள்.

"நான் போய்ச் சொல்றேன்," என்றாள் ஞானசுந்தரி.

எழுந்தவள், யசோதாவைப் பார்த்து நின்றாள். எத்தனையோ சாவு வீடுகளில் ஐயருக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள் அவள். என்ன சொல்வது, எந்தச் சங்கீதத்தை வாசிப்பது என்று ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியலம்மா. அவங்க வீட்டுக்குப் போனா எப்படிச் சொல்லணும்? வாசல்ல நின்னே சொல்லிடணுமா?"

யசோதாவுக்குத் தன் பிறந்த வீட்டில் ஒரு சாவுச் செய்தி வந்த நாள் நினைவில் எழுந்தது. அதைக் கொண்டுவந்தவர் செய்ததும் நினைவில் எழுந்தது.

"முதல்ல உக்காரணும் அத்தை. தண்ணி கேட்டுக் குடிக்கணும். அவங்களே கேக்கற வரைக்கும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

ஞானசுந்தரி அதை உள்ளே வாங்கிக்கொள்வதுபோல மெதுவாகத் தலையசைத்தாள்.

வள்ளியம்மா ஜட்காவில் ஏறி ஓரமாக ஒதுங்கி, மற்ற இருவருக்கும் இடம் விட்டாள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை. இறங்கிப்போ என்றும் சொல்லவில்லை.

எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஜட்காக்காரன் கேட்டான். கன்னியம்மா இருக்கும் இடம் மூவருக்கும் தெரியாது. பச்சைமுத்து இருக்கும் இடமும் தெரியாது.

"ஏரிக்கு அந்தக் கரைக்குப் போப்பா," என்றாள் ஞானசுந்தரி. "அங்கேயிருந்து ஒவ்வொரு வீடாக் கேட்டுட்டு வரலாம்."